நான்கு வரிக்குக் கீழே

பெட்டியின் அடிவிளிம்பில் புள்ளிகள் தெரிந்தன.

ஒன்றிரண்டு அல்ல, ஒரு வரிசை. மெய்யெழுத்துகளின் தலையில் இருக்குமே, அந்தப் புள்ளிகள். நடுநடுவே இகர ஈகாரங்களின் கொக்கிகள். எழுத்துகளின் உடம்பைக் காணோம். நாலாவது வரியோடு முடிந்திருக்க வேண்டிய புகாரின் ஐந்தாவது வரி, உச்சந்தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. மிச்சத்தை விளிம்பு வெட்டியிருந்தது.

"சனியனே, செத்தும் அடங்க மாட்டியா," என்றான் அவன் திரையைப் பார்த்து.

அலுவலகத்தில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். வெப்சைட்டுகளில் பெட்டியை விட்டு வழியும் எழுத்தை ஒடுக்குவதுதான் அவன் பிழைப்பு. அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் அபிப்பிராயம். டிசைனர் லட்சணமாகப் பெட்டி வரைந்து தருவார். உள்ளே "தலைப்பு இங்கே" என்று இரண்டே சொல், அதுவும் இங்கிலீஷில். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம் நிஜ மனிதர்கள் வந்து எழுதுவார்கள், அங்கேதான் நாசம். செருப்புக் கடைக்காரருக்குத் தன் கடையைப் பற்றிச் சொல்ல ஒரு பக்கம் வேண்டும். பல் டாக்டருக்குப் பட்டங்களை அடுக்கவே மூன்று வரி போதாது. வாயை மூடத் தெரியாத ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே கத்திரி நீளச் சொல்லை உடைப்பான், வரியை மடிப்பான், எழுத்தைச் சிறிதாக்குவான். எதற்கும் மசியாவிட்டால் இருக்கவே இருக்கிறது கடைசி ஆயுதம். ஓவர்ஃப்ளோ ஹிட்டன். பெட்டிக்கு வெளியே போகிறதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அழியாது, அங்கேயேதான் இருக்கும். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். நுனியில் மூன்று புள்ளி வைத்துவிட்டால் மரியாதையாகவும் இருக்கும்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படிக்க மாட்டான். அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தான். "தையக்காரன் அளவு எடுப்பானா, உங்க சொந்தக் கதையைக் கேப்பானா?" என்று புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

சனிக்கிழமை மதியம். மழை காலையிலிருந்து விடவில்லை. ஆறாம் மாடியில் அவனைத் தவிர யாருமில்லை. ஏசி நின்றுபோய் அறையில் ஈரக் கம்பள நாற்றம் அடித்தது. வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்க வேண்டியவனை இங்கே இழுத்து வந்தது கட்டட மேனேஜரின் போன்.

"தம்பி, லாபி டிவியில அந்தம்மா புகார் மறுபடியும் பெட்டிய விட்டு வழியுது. திங்கக்கிழமை ஒரு கம்பெனிக்காரங்க மாடி பார்க்க வர்றாங்க. அசிங்கமா இருக்கு தம்பி."

"அழிச்சுத் தொலைங்களேன். ஆளே போயாச்சு, புகார் எதுக்கு?"

"ஐயோ, கூடாதாம். விசாரணை முடியற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுன்னு வக்கீல் கண்டிஷனா சொல்லிட்டாரு. மறைச்சு மட்டும் விடுங்க."

"வக்கீல் படிச்சாராமா?"

"டிவியில நின்னு பார்த்தாரு. நாலு வரி. வணக்கம், நலமான்னு இருக்கு. அதுல என்ன இருக்கு?"

அதில் ஒன்றும் இல்லைதான். கமா மேடத்தின் எழுத்தில் முதல் நாலு வரியில் எப்போதுமே ஒன்றும் இருக்காது.

அந்தப் பெண்மணிக்கும் அந்தப் பெயரை வைத்தது கத்திரிதான். இதே மாடியில் கடைசி அறையில் மொழிபெயர்ப்பு அலுவலகம் என்று ஒரு போர்டை மாட்டிக்கொண்டு தனியாளாக உட்கார்ந்திருந்தவர். முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் போல, ஒரு புகாரைக் கமா மேல் கமா போட்டு ஒரே வாக்கியமாக இழுத்துக்கொண்டு போவார். கழிவறைக் குழாய் ஒழுகினால் ஒரு பக்கம். படிக்கட்டு விளக்கு எரியாவிட்டால் ஒன்றரைப் பக்கம். கட்டடத்துக்குப் புகார்ப் பக்கம் போட்டுக் கொடுத்தவன் கத்திரி. அந்தப் பக்கத்தில் மற்றவர்கள் புகார் மேலெல்லாம் கமா மேடத்தின் எழுத்து ஏறி மேய்ந்தபோது, எல்லாருக்கும் நாலு வரி, மிச்சம் ஹிட்டன் என்று ஒரே வெட்டாக வெட்டியவனும் அவனே. 'மேலும் படிக்க' என்று ஒரு பட்டன் வைக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். "யாரு படிக்கப் போறா?" என்றான் கத்திரி. வைக்கவில்லை. அந்த மூன்று புள்ளியைத் தொட்டால் எதுவும் நடக்காது.

வெட்டின மறுநாள் அவர் வாசலில் வந்து நின்றார். தைல வாசனை, சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, மணிக்கட்டில் கறுப்புப் பட்டை வாட்ச், கையில் காகிதம்.

"முழுசா படிச்சீங்களா தம்பி?"

"படிச்சேன் மேடம்."

"மேனேஜரும் படிச்சிருப்பாரா?"

"எல்லாரும் படிச்சாச்சு மேடம்," என்று ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான். அப்புறம் வாரம் தவறாமல் அதே கேள்வி, அதே பதில். போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழை நாளில், லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனார். மறுநாள் காலை வாட்ச்மேன் பார்த்தபோதுதான் தெரிந்தது. காகிதத்தைப் படித்துக்கொண்டே நடந்திருப்பார், கண்ணாடி போட்டும் கண் தெரியவில்லை, வேறென்ன என்று கட்டடமே பேசிக்கொண்டது. மெக்கானிக் வந்தார், லிஃப்டைச் சில நாள் மூடி வைத்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் கத்திரி இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் மனைவி குட்டியை இந்தப் பக்கமே அனுப்ப மாட்டாள். ஆறு வயது மகள் சனிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் வந்து, அவன் நாற்காலியில் சுற்றி, பிறகு அவனோடு நீச்சல் வகுப்புக்குப் போவது வழக்கம். குட்டிக்கு லிஃப்ட் என்றால் உயிர். 'டிங்' என்று மணி அடித்தால் போதும், கையை உதறிக்கொண்டு ஓடுவாள். வாரம் முழுக்க அவன் காத்திருப்பதே அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான். உலகத்தில் அவன் வெட்டாமல் கேட்கிற பேச்சு அவளுடையது மட்டும்தான். லிஃப்ட் மூடியிருந்தது, பரீட்சை என்று சில வாரம் தவறிப்போய், இன்றைக்குத்தான் மறுபடி வருகிறாள்.

பெட்டியின் உயரத்தை ஒரு நூல் குறைத்தான். புள்ளிகள் மறைந்தன. "அவ்வளவுதான் உன் பவிசு," என்று ரிஃப்ரெஷ் செய்தான்.

புள்ளிகள் திரும்பி வந்தன. இப்போது கொஞ்சம் கூடுதலாக. கொக்கிகளுக்குக் கீழே எழுத்தின் தோள்வரை தெரிந்தது.

தமிழ் எழுத்துக்கு உயரம் ஜாஸ்தி, இங்கிலீஷுக்கு அளவெடுத்த பெட்டி, இது எப்போதும் நடக்கிற கூத்துதான் என்று அவன் சொல்லிக்கொண்டான். மறுபடி குறைத்தான். மறுபடி ரிஃப்ரெஷ். எழுத்தின் இடுப்புவரை வந்துவிட்டது. வெளியே நடைபாதையில் லிஃப்டின் மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. யாரோ ஏறுகிறார்கள். அல்லது இறங்குகிறார்கள். சத்தம் நின்றது, கதவு திறக்கும் சத்தம் மட்டும் வரவில்லை.

அகலத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்து அகலத்தைத் தொட்டான். தொட்ட மாத்திரத்தில் பெட்டி ஒரு எழுத்து அகலத்துக்குச் சுருங்கிப்போய், உள்ளே இருந்த அத்தனையும் வரிக்கு ஒரே எழுத்தாகக் கீழே கொட்டியது. ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, மற்றவர்கள் புகார்களைத் தாண்டி, பக்கத்தின் அடிப்பகுதியைத் தாண்டி, அதற்கும் கீழே. ஓரத்தில் இருந்த நகர்த்தும் பட்டை ஒரு அரிசி அளவுக்குச் சிறுத்துவிட்டது. இதுவும் அவன் பார்க்காத கோளாறு இல்லை. கத்துக்குட்டிப் பையன்கள் தினமும் செய்கிற தப்பு. ஆனால் ஒன்றரைப் பக்கப் புகாரில் இத்தனை எழுத்து ஏது?

எவ்வளவு கீழே போகிறது பார்க்கலாம் என்று மவுஸ் சக்கரத்தை உருட்டினான்.

எழுத்துகள் மேலே ஓடின. அவன் படிக்கவில்லை, எழுத்தாகக்கூடப் பார்க்கவில்லை, வெறும் கறுப்பு ஓடுவதாகத்தான் பார்த்தான். நடைபாதையில் மோட்டார் முனகியது. கம்பி இழுபடும் மெல்லிய கீச்சொலி சுவருக்குள் கீழ்நோக்கி இறங்கியது. அவன் சக்கரத்திலிருந்து விரலை எடுத்தான். சத்தம் நின்றது. சிரித்துக்கொண்டான். மறுபடி உருட்டினான். சத்தம் இறங்கியது. விரலை எடுத்தான். நின்றது. இப்போது அவன் சிரிக்கவில்லை.

திரை நின்ற இடத்தில் நடுவே நாலு எழுத்து. கு. ழ. ந். தை. படிக்கக் கூடாது என்ற கொள்கையை மீறி அந்த ஒரு சொல் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

"சே, போடா," என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கீபோர்டில் 'எண்ட்' பட்டனை ஓங்கித் தட்டினான். ஒரே பாய்ச்சலில் அடி வரைக்கும் போகட்டும்.

எழுத்துகள் ஒரு கோடாக இழுபட்டு மேலே பறந்தன. அதோடு கூடவே லிஃப்ட் குழிக்குள் ஏதோ ஒன்று விழுந்தது. கனமானது. வழியில் எதிலும் தட்டாமல், காற்றை மட்டும் கிழித்துக்கொண்டு விழுந்தது. கீழே போய் அடித்த சத்தம் தரை வழியாக ஏறி வந்து அவன் நாற்காலிக் காலில் அதிர்ந்தது.

மழை. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.

எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பயம் என்று ஒத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. வேலை முடியட்டும், இந்தக் கிழட்டுக் கமாவுக்கெல்லாம் எழுந்து ஓட முடியாது என்று உரக்கவே சொன்னான். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. மனைவியின் போன் வந்தபோது உடம்பு தூக்கிப் போட்டது.

"ஏங்க, கிளம்பிட்டோம். மழையில டிராஃபிக் ஊருது. உங்க பொண்ணு இப்பவே லிஃப்ட் பட்டன நான்தான் அமுக்குவேன்னு குதிக்கறா."

"வாங்க வாங்க. மேலேயே அனுப்பிடு," என்றான்.

பிறகு, மானம் போகிற விஷயமாக அதை எடுத்துக்கொண்டு, புகாரின் மேல் பாய்ந்தான். அகலத்தைப் பழையபடி நிறுத்தினான். நாலு வரிக்கு மேல் ஒரு அணுகூட வரக்கூடாது என்று எழுதினான். வேறு எந்தக் கட்டளை வந்து சொன்னாலும் கேட்காதே, இதுதான் கடைசி என்று அதன் தலையில் ஒரு பூட்டையும் போட்டான். கம்ப்யூட்டரில், டிவியில், போனில், எங்கே யார் திறந்தாலும் நாலே வரி. சேமித்தான். ரிஃப்ரெஷ்.

பெட்டி கச்சிதமாக நின்றது.

'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம், தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன், இதற்கு முன்பும் பலமுறை எழுதித் தங்களைத் தொந்தரவு செய்திருக்கிறேன், மன்னிக்கவும், ஆனால் இம்முறை நான் எழுதுவது…'

அடியில் சுத்தமான வெள்ளை. ஒரு புள்ளி இல்லை, ஒரு கொக்கி இல்லை. கீழே லாபியிலிருந்து மேனேஜர் உடனே கூப்பிட்டார்.

"சூப்பர் தம்பி. நாலே வரி. நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

"லிஃப்ட்ல ஏதாவது விழுந்துதா சார் இப்போ?"

"லிஃப்டா? அது அரை மணி நேரமா கீழதான் நிக்குது. நான் எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன். ஏன் தம்பி?"

"ஒண்ணுமில்ல," என்று வைத்தான்.

அப்போதுதான் வாசனை வந்தது. ஈரக் கம்பள நாற்றத்துக்கு மேலே, மெல்லிசாக. தைலம். அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடைபாதை காலியாக இருந்தது. கதவின் அடியில், தரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் ஒரு நிழல் விழுந்திருந்தது. ஆள் நின்றால் விழுகிற அளவுக்கு. ஆள் இல்லை.

குழந்தை. எந்தக் குழந்தை? அந்தப் பெண்மணிக்குக் குழந்தை குட்டி கிடையாது. கட்டடத்துக்குக் குழந்தைகள் வருவதும் கிடையாது. வருகிற ஒரே குழந்தை...

பக்கத்துக்கு அடியில் இருக்கும் மூலத்தைத் திறந்தான். வெளியே எவ்வளவு வெட்டினாலும் மறைத்தாலும், இங்கே எல்லாம் முழுசாக இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பெட்டிக்குள் இருந்ததை அவன் படித்தான்.

'...ஆனால் இம்முறை நான் எழுதுவது புகார் அல்ல, எச்சரிக்கை, மழை நாட்களில் கரண்ட் ஒரு கணம் போய்த் திரும்பி வரும்போது ஆறாம் மாடி லிஃப்ட் கதவு தானாகத் திறந்துகொள்கிறது, மணியும் அடிக்கிறது, ஆனால் அங்கே லிஃப்ட் இருப்பதில்லை, வெறும் குழிதான் இருக்கிறது, இதை இருமுறை என் கண்ணால் பார்த்தேன், நாம் பெரியவர்கள், பார்த்து நடப்போம், பக்கத்து அலுவலகத் தம்பியின் பெண் குழந்தை சனிக்கிழமைகளில் வருகிறாள், மணிச் சத்தம் கேட்டால் முன்பின் பாராமல் ஓடுகிறாள், தம்பியிடம் சொன்னேன், படித்துவிட்டதாகச் சொல்கிறார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை, அதனால் மழை பெய்யும் சனிக்கிழமைகளில் நானே போய்க் கதவருகே நின்றுகொள்கிறேன், இன்னும் எத்தனை நாள் என்னால்...'

அவர் குழிக்குள் விழுந்த அந்தச் சனிக்கிழமை.

அன்றும் கரண்ட் போய் வந்தது. குட்டி கையை உதறிக்கொண்டு ஓடினாள். அவன் பின்னால் நின்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான், ஹெட்போன் காதில். குட்டி அழுதுகொண்டே திரும்பி வந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. "அந்தக் கண்ணாடி ஆன்ட்டி என்னைத் தள்ளி விட்டுட்டாங்கப்பா." கிறுக்கு, பிள்ளைகளைக் கண்டாலே ஆகாத ஜென்மம், திங்கட்கிழமை வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தான். லிஃப்ட் கதவு திறந்தே கிடந்தது. பழுது போல என்று அதன் பக்கம் திரும்பாமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். கீழே இறங்கும்போது சுவருக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. பாட்டின் ஒலியைக் கூட்டிவைத்தான். அம்மாகிட்ட சொல்லாதே குட்டி என்றும் சொல்லிவைத்தான்.

மறுநாள் விஷயம் தெரிந்தபோது ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. நமக்கெதற்கு வம்பு.

"ஐயோ," என்றான். அந்தச் சொல்லை அவன் சொல்லிப் பல வருஷம் இருக்கும்.

அடுத்த வரிக்குக் கண்ணை நகர்த்தினான். விளக்கு மங்கியது. திரை கறுத்தது. மழையின் சத்தம் திடீரென்று பெரிதானது. ஒரு கணம். விளக்கு திரும்பி வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை.

டிங்.

நடைபாதைக் கோடியில். தெளிவாக.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, வந்துட்டோம். கரண்ட் போய் வந்துது பார்த்தீங்களா? குட்டிய மேல அனுப்பிட்டேன், நான் காரை ஓரமா விட்டுட்டு வர்றேன்."

"தனியாவா அனுப்பின?"

"தனியா எங்க? உங்க மாடி கமா ஆன்ட்டிதான் லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களே. அவங்க கையில பிடிச்சுக் கொடுத்தேன். மழையில நல்லா நனைஞ்சிருக்காங்க, பாவம். ஒரு காபி கொடுங்க."

அவன் ஓடினான். கண்ணாடிக் கதவில் தோள் இடித்தது. நடைபாதை. ஈரம். தைலம். கிரீஸ். தைலம்.

லிஃப்ட் கதவு திறந்திருந்தது.

மேலே எண் பலகையில் பூஜ்யம். லிஃப்ட் கீழேதான் நின்றது. திறந்த கதவுக்குள் கருத்த சுவர், தொங்கும் கம்பிகள், அடியிலிருந்து ஏறிவரும் குளிர்ந்த காற்று.

குழியின் எதிர்ச்சுவரை ஒட்டிக் குட்டி நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு. முதுகில் நீச்சல் பை. காலுக்குக் கீழே எதுவும் இல்லை.

அவளுடைய வலக்கையை ஒரு கை பிடித்திருந்தது. விரல்கள். மணிக்கட்டு. மணிக்கட்டில் கறுப்புப் பட்டை வாட்ச். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இருட்டில் மறைந்திருக்கவில்லை. வெட்டியிருந்தது. நேர்கோடாக, சுத்தமாக. அவன் வெட்டுவது போல.

"அப்பா," என்றாள் குட்டி. அவளுக்குப் பயமே இல்லை. "ஆன்ட்டி கேக்கறாங்க. முழுசா படிச்சியான்னு."

வாய் பழகிப்போய்த் தானாகச் சொன்னது.

"படிச்சேன்."

குட்டி ஒரு சாண் கீழே இறங்கினாள். பட்டென்று. மழைக்கோட்டு படபடத்தது. அவள் சிரித்தாள், ஊஞ்சல் என்று நினைத்துக்கொண்டு.

"இல்ல! இல்ல, படிக்கல! மேடம், நான் படிக்கல! எதையும் படிக்கல!"

நின்றது.

மண்டியிட்டுக் கையை நீட்டினான். ஒரு சாண் இறங்கினாள். கையை இழுத்துக்கொண்டான். எழுந்து அலுவலகத்தின் பக்கம் ஒரு அடி பின்னால் வைத்தான். ஒரு சாண். அசையாமல் நின்றான். அவளும் நின்றாள். இப்போது அவள் தலை அவன் முழங்காலுக்கு நேராக இருந்தது.

"படிச்சுக் காட்டுப்பா. ஆன்ட்டிக்குக் கை வலிக்குதாம்."

அவன் சொன்னான். நினைவில் இருந்ததை, முதல் வணக்கத்திலிருந்து, ஒரு கமா விடாமல். மழை நாட்களில், கரண்ட், கதவு, வெறும் குழி, தம்பியின் பெண் குழந்தை. சொல்லச் சொல்ல அந்த விரல்கள் இறுகின. குட்டி மெல்ல மேலே வந்தாள். ஒரு சாண். இன்னொரு சாண். நானே போய்க் கதவருகே நின்றுகொள்கிறேன். அழுதுகொண்டே சொன்னான். இன்னும் எத்தனை நாள் என்னால்.

அதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் அவன் படிக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள் குட்டி.

போனை எடுத்தான். நழுவியது, பிடித்தான். புகார்ப் பக்கம். சுற்றியது. சுற்றியது. வந்தது.

பெட்டி. சுத்தமான பெட்டி. நாலு வரி.

'...ஆனால் இம்முறை நான் எழுதுவது…'

மூன்று புள்ளியைத் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினான். நகத்தால் கீறினான். திரையை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். புள்ளிதான் பெரிதானது. அடியில் சுத்தமான வெள்ளை. அவன் போட்ட பூட்டு.

"அப்புறம்பா?"

சுண்டுவிரல் விலகியது.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு," என்று முதலிலிருந்து ஆரம்பித்தான் அவன், "வணக்கம், தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக..."

மோதிரவிரல்.

"அதைத்தான் சொல்லிட்டியே," என்றாள் குட்டி கீழேயிருந்து. "அப்புறம்?"